புளி போட்டு விளக்கிய பேஞ்சோ

கொத்தமங்கலம்,
செவ்வாய்க்கிழமை.

மகள் வைஷ்ணவிக்கு மாமா நல்லதம்பி ஆசி சொல்லி எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தையும் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ மறைமலைநகரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி ஷிப்ட் மாற்றித் தருவதாகச் சொன்னார்களே, தந்தார்களா? கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கித் தனியாக நடந்து போகாதே.

போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் கடிதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். அவள் காதுக்கு எட்டாத இடம் இந்த வீட்டில் கிடையாது. தென்னந்தோப்புக்குப் போய்ப் பேசலாம் என்றால் அங்கே டவர் இல்லை. அவளுக்கு எழுத்து மட்டும்தான் தெரியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் செந்தமிழன் ஆவுடையார்கோவிலிலிருந்து வந்து நம் அருண் வாசித்த பேஞ்சோவை எடுத்துக்கொண்டு போகிறான். அடுத்த வாரம் உன் கைக்கு வந்துவிடும். பெட்டியைத் திறந்ததும் உனக்குப் பகீரென்று இருக்கும். சுற்று வளையத்திலும் கொக்கிகளிலும் இருந்த தங்கப் பூச்சு இப்போது இல்லை. வெறும் பித்தளைதான் இருக்கிறது. உன் தோட்டுத் தங்கம் போய்விட்டது. அதை யாரும் வேண்டுமென்று சுரண்டவில்லை தாயி. அன்றைக்கு உன் அத்தை போனில் கத்தியதை மனதில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துவிடாதே. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டு அப்புறம் பெட்டியைத் திற.

அந்தச் சாமான் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். அவனைப் பற்றி எழுத எனக்கு உன்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? கடியாபட்டியில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தார்கள். பழைய ஒயரிங்கை உருவி எடுக்க நம் அருண்குமார் போயிருந்தான். பரணில் கிடந்த தோல் பெட்டியை அந்த வீட்டுக்காரர் தூசி தட்டித் திறந்து, 'எங்க ஐயா பினாங்குலேருந்து கொண்டாந்தது, வாசிக்க ஆள் இல்ல, வேணும்னா எடுத்துக்கப்பா' என்றாராம். பைக்கில் கட்டிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். நான் பார்த்துவிட்டு, 'வடைச்சட்டிக்குக் காம்பு வச்சாப்புல இருக்கு, இதுல என்னடா பாட்டு வரும்' என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று ராத்திரி என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

அது உங்களுக்குத் தலை ஆடி. நீ பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாய். உனக்குப் பதிலாக அதைக் கட்டிக்கொண்டு கிடந்தான் உன் வீட்டுக்காரன். என் பழைய வேட்டி ஒன்றை விரித்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றி, கழற்றிய வரிசை மாறாமல் அதன்மேல் அடுக்கினான். வேண்டாமென்றாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவான். வட்டமாக இருக்கிற மரக்கட்டு ஒரே மரம் இல்லையாம். மெல்லிய பலகைகளை வளைத்து ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியதாம். 'மேப்பிள்னு ஒரு மரம்ப்பா, நம்ம பக்கம் கெடையாது' என்றான். அந்தக் கட்டின் விளிம்பில் ஒரு வெண்கல வளையம் உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து விரலில் தொங்கவிட்டுச் சுண்டினான். கோயில் மணியை அடித்துவிட்டுப் பூசாரி நகர்ந்த பிறகும் ஒரு ரீங்காரம் இருக்குமே, அதுபோல நின்றது. இதுதான்பா இதுக்குத் தொண்டை என்றான். அதற்குப் பிறகு நான் வடைச்சட்டி என்று சொல்வதை நிறுத்திவிட்டேன்.

கழுத்துப் பலகை கருங்காலி. அதில் சிப்பியை அறுத்துப் பூவும் இலையுமாகப் பதித்திருந்தார்கள். தலையில் ஒரு பறவை இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும். வெள்ளைக்காரன் என்ன பறவையை நினைத்துச் செய்தானோ, உன் அத்தை அதைக் கருடன் என்று முடிவு செய்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு பூவில் ஓர் இதழ் மட்டும் உதிர்ந்துபோயிருந்தது. ஜெகதாப்பட்டினத்துக்கு மீன் வாங்கப் போனவன் மீனை மறந்துவிட்டு ஒரு பை நிறையச் சிப்பி பொறுக்கி வந்தான். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிளேடு வைத்து அறுத்து, அரத்தால் ராவி, அந்த இதழைப் பதித்தான். உற்றுப் பார்த்தால் நம் கடற்கரைச் சிப்பி கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். நீ அதைப் பார்த்திருக்கிறாய். பின்பக்கத்துக் கிண்ணத்தில் பல நிற மரத்துண்டுகளை இழைத்துச் செய்த வட்டக் கட்டம் இருக்கிறதல்லவா, மார்கழியில் உன் அத்தை அதைப் பார்த்துப் பார்த்து வாசலில் கோலமாகப் போட்டாள். தெருவில் யார் கேட்டாலும் தன் மண்டையில் உதித்தது என்றுதான் சொன்னாள்.

தோல் எலி கடித்துப் பாழாய்ப் போயிருந்தது. தவில் கட்டுகிற அய்யாக்கண்ணுதான் ஆட்டுத் தோல் மெல்லிசாக இழைத்து மாட்டிக் கொடுத்தார். அப்புறம் அந்தப் பித்தளை வேலை. சுற்று வளையம், தோலை இழுத்துப் பிடிக்கிற கொக்கிகள், கம்பி போய் முடிகிற தகடு, எல்லாவற்றிலும் கொடி கொடியாகச் செதுக்கல். ஒரு காலத்தில் அதன்மேல் தங்க முலாம் இருந்திருக்கிறது. இவன் கைக்கு வந்தபோது தேமல் மாதிரி அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தது. பூச்சு போட்டால்தான் அது முழுசாகும் என்று அவன் ஏங்கிக்கொண்டு கிடந்தான். நீ ஆடி முடிந்து வந்தாய். பள்ளிக்கூடத்துக் காலத்தில் போட்டிருந்த சின்னத் தோட்டைக் கழற்றி அவன் கையில் வைத்தாய். புதுக்கோட்டை கீழராஜவீதியில் ஓர் ஆசாரியிடம் கொடுத்து, அந்தத் தங்கத்தையே பூசிக்கொண்டு வந்தீர்கள் இரண்டு பேரும்.

அன்றைக்கு உன் அத்தை ஆடிய ஆட்டம் மறக்குமா? 'தோட்டக் கழட்டிச் சட்டிக்குப் பூசுன சீமாட்டிய எங்க ஊர்லயே இப்பத்தான் பாக்குறேன்' என்று ரேஷன் கடை வரைக்கும் போய்ச் சொன்னாள். உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். வீட்டுக்கு யாராவது வந்தால் நீ அடுப்படியில் இருக்கும்போது பெட்டியைத் திறந்து காட்டி, 'இது பூராம் எங்க வைஷ்ணவி தோடு' என்பாள். திட்டுவதும் அவள்தான், பெருமை பேசுவதும் அவள்தான். அவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணுகிறேன், இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

கறம்பக்குடிப் பக்கம் திருவிழாவில் வாசித்துவிட்டு வரும்போதுதான் லாரியில் அடிபட்டான். அதை நான் எழுதப்போவதில்லை. நீயும் படிக்க வேண்டாம். பெட்டி தூர விழுந்து கிடந்தது. திறந்து பார்த்தால் ஒரு கம்பிகூட அறுபடவில்லை. 'அதுக்கு உள்ள மெத்தை வச்ச பெட்டி இருந்துச்சு, எம்புள்ள தலைக்கு அப்படி ஒண்ணு இல்லாமப் போச்சே' என்று உன் அத்தை அதைக் காணும்போதெல்லாம் ஏசினாள். நீ வேலைக்குப் போன பிறகும் ரொம்ப நாள் அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. ஒருநாள் கூட்டும்போது வெளியே இழுத்தவள் திறந்து பார்த்திருக்கிறாள். வாசிக்கும்போது அவன் சுண்டுவிரலைத் தோலில் ஊன்றிக்கொள்வான் அல்லவா? அந்த இடத்தில் வியர்வை பட்டுப் பட்டு நாவற்பழக் கறை மாதிரி ஒரு வட்டம் இருக்கிறது. அன்றிலிருந்து விளக்கேற்றியதும் பெட்டியைத் திறந்து அந்த வட்டத்தில் தன் விரலை வைத்துப் பார்ப்பாள். நான் பார்க்காத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் உன் கல்யாணச் சேதி வந்தது. எனக்குச் சந்தோஷம். இதை அழுத்தி எழுதுகிறேன், எனக்குச் சந்தோஷம். ஆனந்தராஜ் தம்பியும் போன் பண்ணினார். என்னை ஐயா என்பதா அப்பா என்பதா என்று தெரியாமல் தடுமாறிப்போனார், பாவம். வேலை செய்கிற இடத்தில் உன்னைப் பார்த்து, உன் கதை எல்லாம் தெரிந்து, அவர் வீட்டிலும் சொல்லி முறையாகக் கேட்டிருக்கிறார். நல்ல பிள்ளை. அதற்கு மறுவாரம் நீ போனில் பேஞ்சோவைக் கேட்டாய். கேட்டதில் தப்பே இல்லை. ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. உன் அத்தை போனைப் பிடுங்கி என்ன சொன்னாள் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். 'இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவளுக்கு எம்புள்ள சாமான் எதுக்கு? அதுல ஒரு பொட்டுத் தங்கங்கூட அவ கைக்குப் போவாது. சுரண்டி எடுத்துட்டுத்தான் குடுப்பேன்.' நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அவளோடு பேசவும் இல்லை. உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

அவள் வாய் அப்படி. ஆனால் அன்று முதல் அவளும் சரியாகத் தூங்கவில்லை. போன வாரம் கடலை உடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து, 'தோல மட்டும் கழட்டி எனக்குக் குடுங்க, மத்ததெல்லாம் அவளே எடுத்துக்கட்டும்' என்றாள். சரி, அப்படியாவது உனக்கு வந்து சேரட்டும் என்று அருணின் சின்னச் சாவியை எடுத்துக் கொக்கிகளைத் தளர்த்தினேன். இரண்டு மூன்று கொக்கி தளர்ந்ததுமே தோல் தொய்ந்து, அந்த வட்டம் சுருங்கிவிட்டது. எனக்குப் புத்தி போகிறதே, விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். நனைந்த சாக்கைத் தட்டின மாதிரி தொப்பென்று ஒரு சத்தம். உன் அத்தை ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'இறுக்குங்க, இறுக்குங்க! அய்யோ, அவன் மூச்சுப் போற மாதிரியே இருக்கு!'

இறுக்கினேன். அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். அவன் போன அன்று ஆட்களைப் பார்ப்பதும் பந்தல்காரனுக்குச் சொல்வதுமாக அலைந்ததில் நான் அழவே இல்லை. அன்றைய அழுகையெல்லாம் இப்போது வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என்னிடம் கேட்டாள், 'தோலு எங்கிட்ட இருந்தா அதுல சத்தம் வருமா?' வராது என்றேன். 'அப்ப முழுசா அவகிட்டயே போவட்டும். அந்த வாடாத கம்பியும் போவட்டும்.' ஐந்தாவது கம்பி ஏன் பாதிக் கழுத்தோடு நின்றுவிடுகிறது என்று முன்பு அவள் கேட்டபோது, அதுதாம்மா எந்தப் பாட்டுக்கும் விடாம கூடவே ஒலிக்கிற கம்பி என்று அருண் சொல்லியிருக்கிறான். அதைத்தான் அவள் வாடாத கம்பி என்கிறாள்.

நான் இறுக்கியது ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்றது. மறுநாள் அய்யாக்கண்ணுவை வரச் சொல்லிவிட்டுத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனேன். திரும்பி வந்தால் கிணற்றடியில் உன் அத்தை. மடியில் தலையணை, அதன்மேல் பேஞ்சோ. தோல்மேல் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காமல் தன் புதுச் சேலையை நாலாக மடித்துப் போர்த்தியிருந்தாள். மரத்தைத் தொடவில்லை, சிப்பியைத் தொடவில்லை. பித்தளை வேலை அத்தனையையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். செதுக்கல் இடுக்குக்குப் பழைய பல் விளக்குகிற பிரஷ். வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தாள். என்ன காரியம் பண்ணுகிறாய் என்று நான் வாய் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். 'பொண்ணு அனுப்புற வீட்டுல சீர்ச்சாமானைக் கறுப்போடயா குடுப்பாக? பாக்குறவுக என்ன சொல்லுவாக? வெளக்கித்தான் குடுக்கணும்.'

எங்களுக்குப் பெண் பிள்ளை இல்லை. யாருக்கும் சீர்ப் பாத்திரம் விளக்கி அடுக்கி அனுப்புகிற பாக்கியம் அவள் கைக்கு வாய்க்கவில்லை. தங்கம் தேய்ந்து போகும் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. தன் தாலியை வெள்ளிக்கு வெள்ளி புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கிறாள், அது மினுமினுவென்று இருக்கிறது. அதுபோல இதுவும் தங்கம்தானே என்று நினைத்துவிட்டாள். இது முலாம், ஈர்க்கு நுனி அளவுகூடத் தடிமன் இல்லாத பூச்சு என்று அவளுக்கு யார் சொன்னோம்? கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு அருண்தான் நாள் வாங்கி வைத்திருந்தான். அவன் போன பிறகு எத்தனை சொல்லியும் வர மாட்டேன் என்கிறாள். விளக்கின பித்தளை அவள் கண்ணுக்குத் தங்கமாகத்தான் தெரிகிறது. தேய்த்த தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டாள். உன் தோடு இப்போது அந்த வாழையடி மண்ணில்தான் கிடக்கிறது.

சாயங்காலம் அய்யாக்கண்ணு வந்தார். வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன். எப்படி இருக்கு என்று உன் அத்தை பக்கத்தில் நின்று ஆசையாகக் கேட்டாள். 'கண்ணு கூசுதுக்கா' என்று சொல்லிவிட்டுக் குனிந்து கொக்கிகளை இறுக்க ஆரம்பித்தார். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, படல் தாண்டியதும்தான் என்னிடம் சொன்னார். 'பூச்சு பூராம் போச்சுண்ணே. செதுக்கலும் கொஞ்சம் மங்கிருச்சு. அக்காகிட்டச் சொல்லிராதீக.' நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். மகனையும் கொடுத்து, மகன் சாமானையும் கெடுத்தோம் என்று அவள் நினைத்துவிட்டால், அவளை என்னால் தேற்றி எடுக்க முடியாது.

உனக்கு மனசு ஆறாது என்பது எனக்குத் தெரியும். காதிலிருந்து கழற்றிக் கொடுத்தது நீ. வேண்டுமானால் என்னைத் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். மறுபடி முலாம் பூசுவதும் பூசாததும் உன் இஷ்டம். பூசாமல் விட்டால் வெறும் பித்தளை, மழை நாளில் கறுக்கும். கறுத்தால் நீயும் புளி போட்டே விளக்கிக்கொள், இனிப் போவதற்கு அதில் ஒன்றுமில்லை. தோலை மட்டும் கிழிகிற வரைக்கும் மாற்றாதே. அந்த வட்டத்தை ஈரத் துணியால் துடைத்துவிடாதே. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு வாசிக்கிற ஆசை வந்தால், அதுவும் விரலை அங்கேயே ஊன்றட்டும். இதை நானாக எழுதவில்லை. உன் அத்தைதான் நேற்றுச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

கம்பியும் விரலில் மாட்டுகிற நகமும் வைக்கிற சின்ன அறை பெட்டிக்குள் இருக்குமே, அதில் அவனுடைய நகங்கள் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் ஒரு மஞ்சள் கிழங்கும் குங்குமச் சிமிழும் இருக்கும். அது உன் அத்தை வைத்தது. கல்யாணத்துக்கு நாங்கள் வரவில்லை. பத்திரிகை வைத்து அழைத்தாலும் வர மாட்டோம், வருத்தப்படாதே. நாங்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் நீ நிமிர்ந்து மாலை வாங்க மாட்டாய். அன்றைக்கு இங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிடுகிறோம். கஜா புயலில் விழுந்ததற்குப் பதிலாக நீங்கள் இரண்டு பேரும் நட்ட தென்னை பாளை விட்டிருக்கிறது. காய்த்ததும் முதல் காயைச் செந்தமிழனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அத்தை வந்து எதிரே உட்கார்ந்துகொண்டாள். இம்புட்டு நேரமா என்னத்த எழுதுறீக என்று கேட்டாள். பெட்டி ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து கிளம்புகிறது என்று எழுதுகிறேன் என்றேன். அதை எழுத இம்புட்டுத் தாளா என்றாள். அப்புறம் தான் சொல்வதையும் எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: 'பெட்டியத் தொறந்த ஒடனே எனக்குப் போன் போடச் சொல்லுங்க. நான் ஏதோ ஆத்தாமையில சொன்னேன், அவ தங்கத்துல நான் ஒரு பொட்டுகூட எடுக்கல. அவ தோடு பளபளன்னு இருக்கான்னு பாத்துச் சொல்லச் சொல்லுங்க.'

நீ நல்லா இருப்பாய் தாயி. உன் கழுத்தும் காதும் நிறைந்து, கூடத்தில் பிள்ளைக் குரல் கேட்டு, நீ நீடூழி வாழ வேண்டும். எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. எனக்காக ஒன்றே ஒன்று செய். பெட்டியைத் திறந்து பார், அழுகை வந்தால் அழுது முடி, முகத்தைக் கழுவிக்கொண்டு அவளுக்குப் போன் போடு. பளபளன்னு இருக்கு அத்தை என்று சொல்லிவிடு. சொல்லும்போது அந்த 'அத்தை'யை மட்டும் விட்டுவிடாதே.

உன் நல்வாழ்வையே வேண்டும்
மாமா,
நல்லதம்பி